நான்காம் வரிசையின் முதல் கன்று

வறள் பாத்தியில் வாடும் கன்றுக்கு அளந்த தண்ணீருக்கு மேல் யாரும் ஊற்றுவதில்லை. அதன் முன் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதும் இல்லை. ஆய்வுத் தோட்டத்தில் எழுதி மாட்டிய விதிகள் பல இருந்தன: செருப்பை வெளியே விடுக, கதவைச் சாத்துக, கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்க. இந்த ஒன்று மட்டும் எந்தப் பலகையிலும் இல்லை. புதிதாகச் சேர்கிறவர் முதல் வாரத்திலேயே மற்றவர்களின் நடையைப் பார்த்து அதைக் கற்றுக்கொள்வார். கன்றைப் பார்ப்பார்கள், வாடல் எண்ணைத் தாளில் இடுவார்கள், அடுத்த கன்றுக்கு நகர்வார்கள். பூச்சியம் என்றால் நிமிர்ந்து நிற்கிறது, நான்கு என்றால் செத்துவிட்டது. அந்த எண் தோட்டத்துக்கு வெளியிலும் புழங்கியது. பேராசிரியர் கூட்டம் முடிந்து வரும் நடையை வைத்து, "இன்னைக்கு சாருக்கு மூணு" என்று தோட்டக்காரர் அறிவிப்பார். அன்று யாரும் விடுப்புக் கேட்கமாட்டார்கள்.

ஆய்வாளருக்கு முப்பத்து நான்கு வயது. ஆற்றோர மரம் ஒன்றின் இலை இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது என்பது ஐந்து ஆண்டுகளாக அவள் சுமந்து திரிந்த கேள்வி. கிளையை ஒடித்துச் சேற்றில் குத்தினாலே வேர்விடும் இனம் அது; அதன் அறிவியல் பெயர் நீளமாக இருந்ததால் தோட்டக்காரர் அதைக் கரைமரம் என்று சுருக்கிவிட்டார். மலையிடுக்கில், பாறை வெடிப்பில் நிற்கும் கரைமரத்தின் இலை சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும். தோலைப் போலத் தடித்திருக்கும். ஓரத்துப் பற்கள் கூர்மையாக இருக்கும். ஆறு சமவெளிக்கு வந்தபின் அதே மரத்தின் இலை இரண்டு விரல் அகலத்துக்கு விரிந்து, வெளிச்சத்தில் நரம்பு தெரியும் அளவுக்கு மெலிந்துவிடும். இது பிறப்பிலேயே வந்ததா, நிற்கும் இடம் செய்ததா?

பிரித்துப் பார்க்க ஒரே வழி, எல்லா மரங்களையும் ஒரே இடத்தில் வளர்ப்பது. ஆற்றின் நீளத்தில் நான்கு இடங்கள். இடத்துக்கு மூன்று மரங்கள். ஆகப் பன்னிரண்டு தாய்கள். ஒவ்வொரு தாயிலிருந்தும் பதினாறு கிளைத்துண்டுகளைப் போத்துகளாக வெட்டி, எட்டை ஈரப் பாத்தியிலும் எட்டை வறள் பாத்தியிலும் நட்டாள். எந்தப் போத்துக்கு எந்தக் குழி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். ஒரு தாயின் போத்துகள் எல்லாம் பிறப்பால் ஒன்றே. ஆகவே அவை இரண்டு பாத்திகளில் இரண்டு விதமாக இலைவிட்டால் அதற்குத் தண்ணீர் பொறுப்பு. ஒரே பாத்தியில் தாய்க்குத் தாய் மாறினால் அதற்குப் பிறப்பு பொறுப்பு. வறள் பாத்திக்கு மழை படாமல் பிளாஸ்டிக் கூரையும், சுற்றிலும் கதவு வைத்த அடைப்பும் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கன்றுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் லிட்டர்; ஈரப் பாத்தியில் அதே மூன்று நாளில் இரண்டு லிட்டர். தொண்ணூறாம் நாள், ஒவ்வொரு கன்றிலும் நுனியிலிருந்து ஐந்தாவது இலையை வெட்டி அளக்க வேண்டும். அதுதான் ஆய்வேட்டின் முழு உடல்.

தினமும் காலையில் அவள் வறள் பாத்தியின் மண் ஈரத்தை அளப்பாள். ஈரமானி என்பது இரண்டு முள் கொண்ட சிறு கருவி. எல்லோரும் அதை ஊசி என்பார்கள். ஒரு குழியின் மண் அடுத்த குழியின் அளவைக் கெடுக்காமல் இருக்க, ஒவ்வொரு குத்துக்குப் பின்னும் முள்ளைக் கையிலுள்ள குவளை நீரில் கழுவ வேண்டும். கதவருகே முதல் வரிசையில் தொடங்கி, வளைந்து வளைந்து நடந்து, மீண்டும் கதவுப் பக்கமே நான்காம் வரிசையின் முதல் கன்றில் முடிப்பாள். முடித்ததும் கலங்கிய குவளையைப் பாத்தியின் செங்கல் ஓரத்துக்கு வெளியே சாய்த்துவிட்டுத் தாளில் கையெழுத்திடுவாள்.

நான்காம் வரிசையின் முதல் கன்று ஏழாம் தாயின் பிள்ளை. ஏழாம் தாய் மலையிடுக்கைச் சேர்ந்தது. அதன் எட்டு வறள் போத்துகளில் ஏழு, நாற்பது நாள் ஆவதற்குள் நான்கு எண் வாங்கிவிட்டன. எஞ்சிய இது மட்டும் பூச்சியத்திலேயே நின்றது. அதைவிட வியப்பு, அதன் இலை ஒடுங்கவில்லை. வறள் பாத்தியில் மற்றப் பதினொரு தாய்களின் பிள்ளைகளும் இலையைச் சுருக்கிக்கொண்டபோது, இது இருபத்தொன்பது மில்லிமீட்டர் அகலத்தில் இலை விரித்தது. ஈரப் பாத்தியில் உள்ள அதன் உடன்பிறப்புகளுக்கு முப்பத்தொன்று. வறட்சி அதன் இலையைத் தொடவில்லை என்பதே அவள் கண்ட பொருள். தண்ணீருக்கேற்ப இலையை மாற்றும் குணமே பிறப்பால் தாய்க்குத் தாய் வேறுபடுகிறது என்று அதைக் கொண்டு பதினொரு பக்கம் எழுதியிருந்தாள்.

"ஒத்தக் கன்ன வச்சுக் கோட்டை கட்டுற," என்றார் பேராசிரியர், படித்துவிட்டு.

"கோட்டை இல்ல சார். ஒரு திண்டு மாதிரி."

"திண்டுல சாயறதுக்கு முன்னாடி உள்ள பஞ்சு இருக்கான்னு பாத்துக்க."

ஆனாலும் அவர் அந்தப் பக்கங்களை நீக்கச் சொல்லவில்லை. இடத்துக்கு மூன்று தாய் என்பது ஆய்வுக் குழு விதித்த குறைந்த அளவு. ஒரு பாத்தியில் பிள்ளையே இல்லாத தாயைக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்த ஒற்றைக் கன்று போனால் ஏழாம் தாய் போகும். ஏழாம் தாய் போனால் மலையிடுக்கே ஆய்விலிருந்து போகும். காலநீட்டிப்பு ஒருமுறை வாங்கியாயிற்று. இரண்டாம் முறை கொடுப்பது குழுவின் மனத்தைப் பொறுத்தது.

எழுபத்தெட்டாம் நாள், மலையிடுக்கில் கரை சரிந்ததாகச் செய்தி வந்தது. அன்றைய அளவை முடித்துவிட்டு, அடுத்த ஆறு நாள் பொறுப்பைத் தோட்டக்காரரிடம் கொடுத்துப் பேருந்து ஏறினாள்.

எண்பத்து ஐந்தாம் நாள் காலையில் பையோடு நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். தோட்டக்காரர் ஈரப் பாத்திக்குக் குழாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா," என்றார். பட்டம் வருவதற்கு முன்பே கொடுத்துவிட்ட அந்தப் பெயரை ஐந்து ஆண்டுகளாக அவர் திரும்பப் பெறவில்லை. "முகத்தப் பாத்தா ரெண்டரை இருக்கும்போலயே."

"ஏழாம் தாய் போயிடுச்சுண்ணே. பாறையோட சேந்து ஆத்துல போயிடுச்சு. நின்ன இடத்துல வெறும் மண்ணுதான்."

"அடப்பாவமே." அவர் குழாயை மூடினார். "நல்ல மரமாச்சே. போத்து வெட்டப் போனப்ப அதுமேல சாஞ்சுதானே நான் சாப்பிட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள இருக்கிறதையும் ஒரு எட்டு போய்ப் பாருங்க. அதுக்கும் உங்க மேல என்ன கோவமோ தெரியல," என்றார்.

நான்காம் வரிசையின் முதல் கன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இலைகள் காம்போடு கீழ்நோக்கித் திரும்பி, வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டின. அவள் தாளை எடுத்தாள். தோட்டக்காரரின் உருண்டையான எழுத்தில் ஆறு நாள்களின் வாடல் எண்: பூச்சியம், பூச்சியம், ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று. மண் ஈரம்: பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஆறு. வறள் பாத்தியின் மற்றக் குழிகளில் எப்போதும் ஆறுதான். இந்தக் குழியில் மட்டும் பதினொன்று காட்டி வந்ததை அவள் முன்பே கவனித்திருந்தாள். கதவுத்தூணின் நிழல் விழுவதால் என்று குறிப்பேட்டில் விளக்கமும் எழுதியிருந்தாள்.

"அண்ணே, இதுக்கு மட்டும் ஒரு தடவை தண்ணி விட்டுப்போச்சா?"

"என்ன கேட்டீங்க?" அவர் குரல் மாறியது. "பன்னெண்டு வருஷமா இந்தக் கால் லிட்டர் குவளைய வச்சு ஊத்துறேன். என் பொண்ணு கல்யாணத்தன்னைக்குக்கூட இங்க வந்து ஊத்திட்டுத்தான் போனேன். சம்பந்தி அம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டுறாங்க. மாப்பிள்ளைய வரவேற்க ஆள் இல்ல, செடியக் கவனிக்கப் போயிட்டாருன்னு."

"கோச்சுக்காதீங்கண்ணே. வேற ஏதாவது மாறுச்சா? நேரம், வரிசை, ஏதாவது?"

"ஒண்ணும் மாறல. நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே ஒண்ணுல ஆரம்பிச்சு நாலுல முடிச்சேன். ஊசியக் கழுவினேன். அந்த அழுக்குத் தண்ணிய மட்டும் வெளிய குழாயடில கொட்டினேன். நீங்க கொட்டுற இடத்துல குனிஞ்சு கொட்ட முதுகு ஒத்துக்கல."

"நான் எங்க கொட்டுறேன்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க? இதோ, இந்தச் செங்கல் ஓரத்துல."

"அது பாத்திக்கு வெளியண்ணே."

"மேல பாத்தா வெளியதான்," என்றார் அவர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்ததுபோல் இருந்தது.

அவள் பையை இறக்கிவிட்டு மண்டியிட்டாள். ஓரத்துச் செங்கல் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் ஆட்டி அதைப் பெயர்த்தாள். செங்கல்லின் அடிப்பக்கத்தில் பச்சைப் பாசி படர்ந்து, விளிம்பில் மட்டும் காய்ந்து பழுப்பாகியிருந்தது. அது இருந்த பள்ளத்தில் வெள்ளை வேர்கள் சிக்குண்ட நூல்கண்டு போல அடர்ந்து கிடந்தன. விரலால் மண்ணைக் கிளறினாள். தண்டிலிருந்து மற்றத் திசைகளில் மெல்லிய வேர் இரண்டு மூன்று. செங்கல்லை நோக்கி மட்டும் ஒரு பெருங்கூட்டம்.

கணக்குப் போட அவளுக்குத் தாள் தேவைப்படவில்லை. குவளையில் நாள்தோறும் அரை லிட்டர் மிஞ்சும். மூன்று நாளைக்கு ஒன்றரை லிட்டர். அதில் பாதி வெளியே ஓடியிருந்தால்கூட, இந்தக் கன்றுக்குக் கிடைத்தது மற்றவற்றைப்போல் நான்கு மடங்கு. எழுபத்தெட்டு நாள், ஒரு நாள் தவறாமல், அவளே ஊற்றியிருக்கிறாள். ஏழு போத்துகள் செத்து இது மட்டும் பிழைத்ததற்கும், இலை ஒடுங்காததற்கும், பதினொரு பக்கங்களுக்கும் அந்தக் குவளையே காரணம்.

தோட்டக்காரர் பள்ளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு செங்கல்லை வாங்கி, இருந்த இடத்திலேயே பொருத்தி, காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்குக் கண்ணாடி மாத்தணும் டாக்டரம்மா," என்றார். "கொஞ்ச நாளாவே ஒண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குது."

அன்றைய அளவை அவள்தான் எடுத்தாள். நான்காம் வரிசையின் முடிவில் கலங்கிய குவளையோடு நின்றபோது, பழையபடி அதைச் சாய்த்தால் கன்று இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும் என்பது தெரிந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை. குவளையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். வாடல் எண் என்ற இடத்தில் மூன்று என்று எழுதினாள்.

அவளும் தம்பியும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார்கள். தம்பி மருத்துவமனையில் செவிலியன். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, எந்த இலை என்ன பண்ணுச்சு?"

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்துவிட்டான்.

"எழுபத்தெட்டு நாளா உனக்கே தெரியாம ட்ரிப் ஏத்தியிருக்க!"

"சிரிக்காதடா."

"சரி, சிரிக்கல. இப்ப எப்படி இருக்கு பேஷன்ட்?"

"மூணு."

"தண்ணி குடுத்தியா?"

"குடுக்கக் கூடாது."

"எங்க வார்டுல ஒருத்தர் இப்படிக் கிடக்க, நான் சார்ட்ல மூணுன்னு எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்னு வை. வேலை போறது அப்புறம். சொந்தக்காரங்க என்னைப் படிக்கட்டுலயே வச்சு மொத்திடுவாங்க."

"உன் வார்டுல எல்லாரும் பொழைக்கணும். என் பாத்தில எது எப்படிப் பொழைக்குதுன்னு பாக்கணும். நான் கை வச்சா அப்புறம் அது மரத்தப் பத்தின சேதியா இருக்காது. என் கையப் பத்தின சேதி ஆயிடும்."

"அதான் ஏற்கனவே கை வச்சுட்டியே."

அவன் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான். ஈரத் துணியிலிருந்து ஆவி எழுந்தது.

"சொல்லிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"மலையிடுக்கு மொத்தமாப் போயிடும். அதில்லாம ஆய்வேடு நிக்காது. ஈரப் பாத்தில ஏழோட பிள்ளைங்க எட்டும் நல்லா இருக்கு. அதுலேர்ந்து போத்து வெட்டி மறுபடி நடலாம். ஒரு வருஷம் ஆகும். குழு அந்த ஒரு வருஷத்தக் குடுக்கணும். குடுக்கலன்னா அஞ்சு வருஷமும் போச்சு."

"சொல்லலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. பட்டம் வரும். ஆத்தங்கரைல மரம் நடுறவங்க அதப் படிப்பாங்க. மலையிடுக்கு மரம் வறட்சியத் தாங்கும், இலை சுருங்காதுன்னு நம்பி வறண்ட கரைல ஏழோட போத்த ஆயிரம் ரெண்டாயிரம்னு நடுவாங்க."

"நட்டா?"

"ரெண்டு மாசத்துல எல்லாம் நாலு."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அம்மாவ நான் பாத்துக்கிறேன்," என்றான். "'உன் பொண்ணு செடிக்குத் தண்ணி ஊத்திட்டா, அதனால பட்டம் தள்ளிப்போச்சு'ன்னு சொன்னா அவங்களுக்குப் புரியவே ஒரு வாரம் ஆகும். 'தண்ணி ஊத்துறது நல்லதுதானேடா'ன்னு ஊரெல்லாம் கேப்பாங்க. அதுக்குள்ள நீ வேற வழி பாத்துக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தனக்கே பிடிக்காமல் எழுந்துபோய் முகம் கழுவினாள்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் உலர்த்திய இலைகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு இடையிலிருந்து எடுத்து அட்டைகளில் ஒட்டிக்கொண்டிருந்தார். மேசை, சன்னல் விளிம்பு, விருந்தினர் நாற்காலி எங்கும் அட்டைகள். ஆகவே அவள் நின்றபடி பேச வேண்டியிருந்தது.

"சார், ஏழாம் தாயப் பத்தி."

"மரம் போச்சுன்னு கேள்விப்பட்டேன். வருத்தம்தான். ஆனா வறள்ல ஒண்ணு நிக்குதில்ல? கணக்குக்கு மூணு தாய் இருக்கு. போதும்."

"நிக்குது சார். ஆனா அது வறள்ல வளரல."

குவளை, செங்கல், வேர், எண்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. கை மட்டும் மெதுவாகியது.

"எவ்வளவு தண்ணி உள்ள போச்சுன்னு அளந்தியா?"

"இனிமே அளக்க முடியாது சார்."

"அப்ப எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. ஒண்ணுமே போகலன்னுகூட இருக்கலாம்."

"செங்கல் அடில பாசி இருக்கு சார்."

பேராசிரியர் பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தார். நாற்பது ஆண்டு ஈரத்தையும் நிழலையும் அளந்தவர். பாசி எங்கே வரும், எங்கே வராது என்று அவரிடம் வாதாட இடமில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

"தோட்டக்காரருக்கு. ஆனா அவருக்குக் கண்ணாடி மாத்தணுமாம்."

அவர் மூக்கால் சிரித்தார். பிறகு சன்னலைப் பார்த்தபடி, "நீ எனக்குக் கடைசி மாணவி," என்றார். "அடுத்த வருஷம் இந்த ரூம்ல வேற யாரோ இருப்பாங்க. இன்னொரு தடவை குழுகிட்டப் போய் உனக்காகக் கேக்க நான் இருக்கமாட்டேன். அதையும் சேத்து யோசிச்சுக்க."

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"ஒண்ணும் சொல்லல. தொண்ணூறாம் நாள் இலை வெட்டும்போது குழுவிலேர்ந்து மேடம் வந்து நிப்பாங்க. அவங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இருக்கிறதுதான் எண். அடிக்குறிப்பா நாலு வரி எழுதினா போதும்னு எனக்குத் தோணுது. உனக்கு என்ன தோணுதோ, அது உன் பேர்ல வர்ற புத்தகம்."

அவள் வெளியே வந்தாள். அடிக்குறிப்பு என்ற சொல் படியிறங்கும் வரை அவளோடு வந்தது. சொன்னதாகவும் ஆகும், எதையும் இழக்கவும் வேண்டாம். நான்கு வரியைப் படிக்கிறவர் யார்? எண் அட்டவணையில் இருக்கும். அட்டவணையைப் பார்த்து நடுகிறவர்கள் நடுவார்கள்.

அடுத்த நாள்களில் அவள் மற்றவர்களைப் போலவே நடந்தாள். காலையில் பார்ப்பாள், மூன்று என்று எழுதுவாள், நகர்வாள். குவளை குழாயடிக்குப் போனது. கன்றின் அடி இலைகள் இரண்டு உதிர்ந்தன. தோட்டக்காரர் தன் முறை நாளில் கால் லிட்டரை ஊற்றினார். அது உலர்ந்த மண்ணில் சத்தமில்லாமல் இறங்கி மறைந்தது. செங்கல் பக்கம் கிடந்த வேர்க் கூட்டத்துக்கு அது எட்டியிருக்காது. எண்பத்து ஒன்பதாம் நாள், வெட்டாமல், நுனியிலிருந்து ஐந்தாவது இலையை விரலால் நிமிர்த்தி அளவுகோலை வைத்துப் பார்த்தாள். இருபத்தொன்பது. அது குவளை நாள்களில் விரிந்த இலை; விரிந்த பிறகு இலை ஒடுங்காது. நாளை வெட்டினாலும் அதே எண்தான் வரும். அன்று மாலை ஆய்வேட்டின் கோப்பைத் திறந்து அடிக்குறிப்பை எழுதினாள். நான்கு வரி கச்சிதமாக வந்தது. அது அவ்வளவு எளிதில் பொருந்தியதைப் பார்த்து, அழித்துவிட்டுக் கோப்பை மூடினாள்.

தொண்ணூறாம் நாள் குழு உறுப்பினர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். தடித்த காலணி, கழுத்தில் பேனா, கையில் அட்டை வைத்த தாள். செருப்பை வெளியே விடுக என்ற பலகையைப் படித்துவிட்டுக் காலணியைக் கழற்றி, காலுறையோடு உள்ளே நடந்தார்.

"ஆரம்பிக்கலாமா? வெயில் ஏறினா இலை சுருண்டுக்கும்."

பேராசிரியர் எண்களைச் சொன்னார். ஆய்வாளர் இலையை வெட்டினாள். தோட்டக்காரர் காகித உறையை விரித்துப் பிடித்தார். உறுப்பினர் தாளில் குறித்தார். முதல் வரிசை அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு கன்று மூன்றில் நின்றது. வெட்டினார்கள், நகர்ந்தார்கள். செத்த குழிகளில் உறுப்பினர் ஒரு கோடு போட்டார். மூன்றாம் வரிசையின் நடுவில் தோட்டக்காரர், "உங்களுக்கு முதுகு வலிக்கலயா மேடம்? எனக்கு இப்பவே ரெண்டு," என்றார். உறுப்பினருக்கு அது விளங்கவில்லை. பேராசிரியர் விளக்கியதும், "அப்ப எனக்கு ஒண்ணரைன்னு போட்டுக்கோங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் வரிசையைத் தொலைவு முனையிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கி வந்தார்கள்.

"இந்தப் பாத்தில கடைசி," என்றார் உறுப்பினர். "நாலாம் வரிசை, ஒண்ணு. ஏழாம் தாய். இருக்கா?"

"இருக்கு," என்றார் பேராசிரியர். ஆய்வாளரைப் பார்க்கவில்லை. "வாடல் மூணு."

"இடத்துக்கு மூணு தாய்னு நாங்க கேட்டது இதோட சரியாயிடுது. நல்லவேளை." பேனா தாளின்மேல் இருந்தது. தோட்டக்காரர் உறையை விரித்துப் பிடித்தார்.

ஆய்வாளர் கத்தரிக்கோலைச் செங்கல்மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். ஈரப் பாத்திக் குழாயருகே நிறைத்து வைத்த பூவாளி இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து, கதவுக்குள் வந்தாள். மூவரும் அவள் எதற்காகப் போனாள் என்று தெரியாமல் கன்றின் முன்னாலேயே நின்றிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க மேடம்," என்றாள். உறுப்பினர் தள்ளி நின்றார். அவள் பூவாளியைக் கன்றின் அடியில் சாய்த்தாள்.

"என்னம்மா பண்றீங்க? இன்னும் இலை எடுக்கலயே!"

"இதுல எடுக்க வேண்டாம் மேடம். கோடு போட்டுடுங்க. எழுபத்தெட்டு நாள் தினமும் இதுக்கு நான் தண்ணி ஊத்தியிருக்கேன், என்ன பண்றேன்னு தெரியாம. அந்தச் செங்கலத் தூக்கிப் பாருங்க, அடில வேர் இருக்கு."

உறுப்பினர் பேராசிரியரைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

தண்ணீர் பேராசிரியரின் வெறுங்காலை நோக்கி வந்தது. அவர் காலை எடுக்கவில்லை. "தெரியும்," என்றார்.

"அப்ப மலையிடுக்கு?"

"ரெண்டு தாய்தான் மேடம்," என்றாள் ஆய்வாளர். "போதாது. ஒரு வருஷம் வேணும். விண்ணப்பம் எழுதித் தர்றேன். தர்றதும் தராததும் நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

தோட்டக்காரர் விரித்த உறையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உலர்ந்த மண் முதலில் தண்ணீரை ஏற்காமல் மேலேயே உருட்டிவிட்டது. பிறகு குமிழிகள் விட்டுக் குடிக்கத் தொடங்கியது. பூவாளி பத்து லிட்டர் கொள்ளும். அவள் அது காலியாகும் வரை சாய்த்துப் பிடித்திருந்தாள்.